ஒரு மருந்தும் இருவகை உடலும்

ஊர்காவற்றுறையை அடுத்த நாரந்தனை போன்ற தீவூர்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குச் சயரோகம் வெறும் நோய் மட்டும் அன்று. வீட்டில் ஒருவரைக் கடல் கடந்து பிரித்துக் கொண்டுபோகும் துயரமுமாகும். உழைப்பவர் ஓராண்டு சானடோரியத்திற் படுத்திருந்தால், தோட்டத்துக்கு நீரிறைப்பவர் யார்? பிள்ளைகளுக்கு உலை வைப்பது எவ்வாறு? இதே வினா சென்னை நகரின் நெரிசல் மிகுந்த குடியிருப்புகளிலும் எழுந்தது. அதற்கு விடை தேடப் புகுந்தவர்கள், எதிர்பாராத வேறோர் உண்மையையும் ஆராய நேர்ந்தது.

முந்திய தலைமுறையின் சிகிச்சை தூய காற்று, ஓய்வு, நல்லுணவு என்ற மூன்றிலேயே அடங்கியிருந்தது. இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளிற் சானடோரியம் நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து, 1928-இல் தாம்பரத்தில் அத்தகைய ஒன்றை நிறுவினார். கணித மேதை இராமானுஜன் மென்டிப்பில் அவரிடம் சிகிச்சை பெற்றவரே. (அவரை வருத்தியது உண்மையிற் சயரோகந்தானா என்று பிற்கால மருத்துவர் ஐயுற்றது வேறு கதை.) 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோனியாசிடும் வந்தபின் நிலைமை மாறிற்று. மருந்தே கிருமியைக் கொல்லுமாயின் சானடோரியம் எதற்கு?

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்பார் அதனை நடத்தினார். 193 ஏழை நோயாளர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திற் சேர்ந்தனர். மற்றவர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே. வீட்டிலிருந்தவர் உண்டது குறைவான உணவு. அவர்களுக்கு ஓய்வும் அரிது. உண்மையில் மருந்து உட்கொண்டனரா என்று அறிய, முன்னறிவிப்பின்றி வீடுதேடிச் சென்று சிறுநீரைச் சோதித்ததும் உண்டு. ஓராண்டின் முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நோய் அடங்கப் பெற்றனர். வீட்டாருக்கு நோய் தொற்றும் என்ற அச்சமும் இவ்வாய்வினாற் பெரிதும் நீங்கிற்று. முடிவுகள் 1959-இல் வெளியாயின. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அவை பெருங் காரணமாயின.

இந்நிலையத்திலேதான் அடுத்த வினா பிறந்தது. ஒரே அளவு ஐசோனியாசிட் உண்ட இருவரின் குருதியில், சில மணி நேரத்துக்குப்பின் மருந்தின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. ஈரலில் அம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியம் சிலரிடம் விரைந்தும் சிலரிடம் மந்தமாகவும் வேலை செய்கிறது. இது தாய்தந்தையர் வழி வரும் இயல்பு என்பது 1960-இல் தெளிவாக்கப்பட்டது. தென்னிந்தியருட் பாதிக்கு மேற்பட்டோர் மந்த வகையினர். ஜப்பானியருட் பெரும்பாலோர் விரைவு வகையினர்.

இதனால் என்ன? நாள்தோறும் மருந்து உண்பவரிடத்து இவ்வேற்றுமை பெரிதன்று. ஆனால் வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது விரைவு வகையினரிடத்துச் சிகிச்சை பின்தங்கிற்று. அளவை மிகக் கூட்டினால் மந்த வகையினருக்குக் கைகால் நரம்புகளில் எரிவும் விறைப்பும் தோன்றின. பிரிடொக்சின் என்னும் வைட்டமின் அதனைத் தடுத்தது. பிணியின் அளவோடு நோயாளியின் அளவையும் காலத்தையும் ஆராயவேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுவதற்கு, ஆய்வுகூடத்திலிருந்து ஒரு சான்று கிடைத்தது எனலாம்.

ஆயினும் சென்னை மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் வெவ்வேறு முறை வகுக்க விரும்பவில்லை. ஆயிரக்கணக்கானோரின் குருதியைச் சோதிப்பது எங்ஙனம்? இருவகையினருக்கும் ஒருங்கே பயன்படும் முறையையே அவர்கள் நாடினர். வாரம் இருமுறை, மேற்பார்வையில், ஸ்ட்ரெப்டோமைசினும் மிகுந்த அளவு ஐசோனியாசிடும் கொடுக்கும் அவர்களது முறை 1964-இல் வெளியிடப்பட்டது. ஆளறிந்து கொடுக்கும் மருந்தைவிட, எளியோர் அனைவரையும் சென்றடையும் மருந்தே மேலானது என்ற துணிபு அது. அன்றைய நிலையில் அதுவே சரியான துணிபு.

பின்னர் ரிஃபாம்பிசின் சேர்ந்த ஆறுமாதச் சிகிச்சை வந்தபோது விரைவு, மந்தம் என்ற வேற்றுமை பலருக்கு மறந்தேபோயிற்று. எனினும் அது முற்றாக மறையவில்லை. மரபியல்பை முன்னரே சோதித்து, அதற்கேற்ப ஐசோனியாசிடின் அளவை அமைத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வொன்று 2013-இல் வெளியாயிற்று. அளவு குறைக்கப்பட்ட மந்த வகையினர் ஈரற் கேட்டிலிருந்து தப்பினர். சென்னையில் அன்று சோதனை செய்வது அரிதென ஒதுக்கப்பட்ட வேற்றுமையை இன்று ஒரு துளிக் குருதியிலிருந்து அறிந்துகொள்ளலாம்.