கோர்தோபாவில் இரண்டரை மணி நேரம்: வழிகாட்டியின் கதையும் கற்களின் சான்றும்

தென் ஸ்பெயினில் குவாதல்கிவிர் ஆற்றின் வடகரையில் உள்ள கோர்தோபா நகரை வழிகாட்டியுடன் நடந்து பார்ப்போருக்குப் பாதை ஏறத்தாழ ஒன்றுதான். உரோமானியப் பாலத்தில் தொடங்கி, பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைந்து, யூதர் குடியிருப்பின் குறுந்தெருக்கள் வழியாகச் சென்று, பதினான்காம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடத்தில் நடை முடியும். அப்படியொரு நடையில் சில காலத்துக்கு முன் நானும் கலந்துகொண்டேன். எங்கள் வழிகாட்டி கலை வரலாறு பயின்றவர். செய்திகளில் பிழை குறைவு. எனினும் அவர் கூறிய கதையின் அமைப்பு எனக்கு இன்றுவரை நெருடலாகவே உள்ளது. உரோமர் கட்டினர், விசிகோத்தியர் வந்தனர், முஸ்லிம்கள் வென்றனர், மூன்று சமயத்தாரும் இணக்கமாக வாழ்ந்தனர், பின்னர்க் கிறித்தவர் மீட்டனர். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போல, நகரம் ஒரு சமயத்திடமிருந்து இன்னொரு சமயத்துக்குச் சென்றதாக அக்கதை அமைந்திருந்தது.

பள்ளிவாசலின் ஆரஞ்சு மர முற்றத்தில் நின்றபோது குழுவிலிருந்த ஒருவர் கேட்டார்: “இறுதியில் இது யாருடைய கட்டடம்?” வழிகாட்டி புன்னகைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எங்களை முன்னே அழைத்துச் சென்றார். அந்தக் கேள்விக்கு வரலாற்று மாணவர் எவ்வாறு விடை தேடலாம் என்பதே இப்பதிவின் பொருள்.

பாலத்திலிருந்தே தொடங்கலாம். ‘உரோமானியப் பாலம்’ என்று அழைக்கப்பட்டாலும், இன்று நாம் மிதிக்கும் கற்களில் பெரும்பாலானவை இடைக்காலத்தையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தவை. பாலத்தின் அடியில் ஓடும் ஆற்றின் பெயரோ, ‘பேராறு’ எனப் பொருள்படும் ‘அல்-வாதி அல்-கபீர்’ என்னும் அரபுத் தொடர் ஸ்பானிய நாவில் மருவியது. பலரும் பழுதுபார்த்துப் பயன்படுத்திய ஒரு பொருளுக்கு ஒரு காலத்தின் பெயரை மட்டும் சூட்டும் வழக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

பள்ளிவாசலின் மிகப் பழைய பகுதியை 785–786 அளவில் கட்டத் தொடங்கியவர் முதலாம் அப்துர் ரஹ்மான். அப்பாசியரின் வாளுக்குத் தப்பி, சிரியாவிலிருந்து மேற்கே வந்து, 756இல் கோர்தோபாவின் அமீரான உமையா இளவரசர் அவர். இப்பகுதியின் தூண்களை உற்றுநோக்கினால் ஒன்று மற்றொன்றைப் போல இராது. உரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்ட பழந்தூண்கள் அவை. உயரமும் நிறமும் தலைப்பும் வேறுபடும். குட்டையான தூண்களின்மீது உயர்ந்த கூரையைத் தாங்கவைக்கக் கட்டடக் கலைஞர் கண்ட தீர்வுதான் உலகப் புகழ்பெற்ற அந்த இரட்டை அடுக்கு வளைவு. கீழ்வளைவு தூண்களை இணைத்து நிறுத்துகிறது. மேல்வளைவு கூரையைத் தாங்குகிறது. செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அமைந்ததால் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தோன்றின.

இப்பகுதியில் தரையின் ஓரிடத்தில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன் வழியே, கீழே புதைந்துள்ள பழைய மொசைக் தளம் ஒன்று தெரியும். இதுதான் சான் விசெந்தே தேவாலயம் என்றும், அதை இடித்தே பள்ளிவாசல் எழுந்தது என்றும் வழிகாட்டி கூறினார். எழுத்துச் சான்று கூறுவது சற்று வேறு. தேவாலயத்தை முதலில் இரு சமயத்தாரும் பகிர்ந்துகொண்டதாகவும், பின்னர் அப்துர் ரஹ்மான் கிறித்தவர் பகுதியை விலை கொடுத்து வாங்கியதாகவும் உள்ள செய்தி, பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அர்-ராஸியின் பெயரால் பிற்கால நூல்கள் வழியே நமக்குக் கிடைக்கிறது. தமஸ்கு நகரப் பெரிய பள்ளிவாசலைப் பற்றி வழங்கும் கதையும் ஏறத்தாழ இதுவே. தமஸ்கின் வழித்தோன்றல்கள் என்று பெருமைகொண்ட உமையாக்களின் அவையில் இக்கதை உருப்பெற்றிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் ஐயுறுவதற்கு இந்த ஒற்றுமையே காரணம். 1930களில் கட்டடக் கலைஞர் பெலிக்ஸ் எர்னாந்தஸ் நடத்திய அகழாய்வில் பிற்பழங்காலக் கட்டடங்களின் எச்சங்கள் வெளிப்பட்டன; அவை தேவாலயத்துக்கு உரியவையா, ஆயரின் மனைத்தொகுதியைச் சேர்ந்த வேறு கட்டடங்களா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. கண்ணாடிக்குக் கீழே ஒரு மொசைக் தளம் உள்ளது. அதற்கு மேல் ஒரு விவாதம் உள்ளது. பயணிக்குக் காட்டப்படுவது முன்னது மட்டுமே.

தெற்கே நடந்தால் கலீபா இரண்டாம் ஹகம் 960களில் கட்டிய விரிவாக்கமும் அதன் மிஹ்ராபும் வருகின்றன. பொன்னும் நீலமுமாக மின்னும் அதன் மொசைக் வேலைக்குக் கான்ஸ்தாந்திநோபிளின் கிறித்தவப் பேரரசர் கைவினைஞரையும் கண்ணாடிச் சில்லுகளையும் அனுப்பியதாக, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய இப்னு இதாரி குறிப்பிடுகிறார். பாக்தாத்தின் அப்பாசியரோடு பகை கொண்டிருந்த இரு அரசுகளுக்கிடையே தூதுறவு இருந்ததில் வியப்பில்லை. அடுத்து 987இல், இளங்கலீபாவின் பெயரால் ஆட்சியைக் கையில் வைத்திருந்த அல்-மன்சூர் கிழக்கே எட்டு நெடுங்கூடங்களைச் சேர்த்தார். தெற்கே ஆறு தடுத்ததால் கிழக்கே விரிக்க நேர்ந்தது. அதனால் மிஹ்ராப் கட்டடத்தின் மையத்திலிருந்து விலகிப்போனது. இங்கே தூண்கள் எல்லாம் ஒரே அளவு. வளைவுகளின் சிவப்புப் பட்டைகளில் செங்கல் இல்லை. கல்லின்மீது வண்ணம் தீட்டி முடித்துவிட்டார்கள்.

இதே அல்-மன்சூர் 997இல் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவைத் தாக்கி, அத்திருத்தலத்தின் மணிகளைக் கைதிகளின் தோள்களில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுவந்து பள்ளிவாசலில் விளக்குகளாகத் தொங்கவிட்டார் என்றும், 1236இல் நகரை வென்ற காஸ்தில் மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ அவற்றை முஸ்லிம் கைதிகளின் தோள்களிலேயே திருப்பி அனுப்பினார் என்றும் கிறித்தவ வரலாற்றுக் குறிப்புகள் கூறும். நடையில் இக்கதை தவறாமல் இடம்பெறுகிறது. கேட்போர் மனத்தில் பதிகிறது. ஆனால் அதே அல்-மன்சூர் இரண்டாம் ஹகமின் புகழ்பெற்ற நூலகத்திலிருந்து தருக்கம், வானியல் முதலிய ‘பழையோர் அறிவு’ சார்ந்த நூல்களைப் பிரித்தெடுத்து எரிக்கச் செய்தார் என்னும் செய்தியை வழிகாட்டி கூறவில்லை. இதைப் பதிவுசெய்தவர் தொலேதோ நகர நீதிபதியாக இருந்த சாயித் அல்-அந்தலூசி. 1068இல் அவர் எழுதிய ‘தபகாத் அல்-உமம்’, அறிவியலைப் போற்றிய இனங்களை வரிசைப்படுத்தி, இந்தியரை முதலிடத்தில் வைத்த நூல். அல்-மன்சூர் ஆண்ட அதே ஆண்டுகளில், அதே நகரில், மஸ்லமா அல்-மஜ்ரீத்தி என்னும் வானியலாளர் அல்-குவாரிஸ்மியின் ‘சிந்த்ஹிந்த்’ அட்டவணைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இந்திய வானியலை அடியொற்றிய அந்த அட்டவணைகளின் கணக்கு உஜ்ஜயினியின் நெடுவரையிலிருந்து தொடங்கியது. மஸ்லமா அதைக் கோர்தோபாவின் நெடுவரைக்கு மாற்றினார். அவருடைய திருத்தத்தைப் பாத் நகரத்து அதெலார்து 1126இல் இலத்தீனில் பெயர்த்தார். அரபு மூலம் தொலைந்துவிட்டது. இலத்தீன் வடிவம் வழியாகவே அது இன்று அறியப்படுகிறது. கட்டடம் எதையும் விட்டுச்செல்லாத வரலாற்றுக்கு நடைச்சுற்றில் நிறுத்தம் கிடையாது.

1236 ஜூன் 29இல் பள்ளிவாசல் மரியன்னையின் பேராலயமாகத் திருநிலைப்படுத்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கட்டடத்தின் பேரளவு மாறாமலே இருந்தது. 1371இல் நிறைவுற்ற அரச சிற்றாலயத்தைப் பாருங்கள். நான்காம் பெர்னாந்தோ, பதினோராம் அல்போன்சோ ஆகிய காஸ்தில் மன்னர்களின் உடல்கள் வைக்கப்பட்ட இடம் அது. அதன் சுவர்களிலும் விதானத்திலும் இருப்பவை இஸ்லாமியக் கட்டடக் கலையின் சுதை வேலைப்பாடுகள். கிரனாடாவின் முஸ்லிம் அரசோடு போர்செய்த மன்னர்கள், தங்கள் கல்லறைக்கு அந்த அழகையே விரும்பி ஏற்றனர்.

கட்டடத்தின் நடுவே இன்று உயர்ந்து நிற்கும் பேராலய நடுக்கூடத்தின் கதை 1523இல் தொடங்குகிறது. ஆயர் அலோன்சோ மன்ரிக்கே பள்ளிவாசலின் நடுப்பகுதியை இடித்துப் புதிய கூடம் எழுப்ப முனைந்தார். எதிர்த்தது யார்? நகரில் அப்போது முஸ்லிம் அதிகாரம் ஏதும் இல்லை. எதிர்த்தவர்கள் கிறித்தவ நகரசபையார். இடிப்பு வேலையில் கைவைக்கும் கொத்தருக்கும் தச்சருக்கும் மரண தண்டனை என்று சபை அறிவித்தது. இடிக்கப்படுவதை அதே நிறைவோடு மீண்டும் செய்ய இயலாது என்பது அவர்களின் வாதம். நகரின் செல்வக் குடும்பங்களின் சிற்றாலயங்களும் கல்லறைகளும் உள்ளே இருந்தன என்பதையும் மறக்க வேண்டியதில்லை. சபையாரின் நோக்கம் முழுவதும் கலைப்பற்று என்று கொள்வது மிகை. திருச்சபைத் தரப்பு சபையாரைச் சமய விலக்கத்துக்கு உட்படுத்தியது. வழக்கு பேரரசர் ஐந்தாம் கார்லோஸிடம் சென்றது. அவர் ஆயர் பக்கம் தீர்ப்பளித்தார். எர்னான் ருயிஸ் தொடங்கிய கட்டுமானம் தலைமுறைகள் கடந்து 1607இல்தான் நிறைவுற்றது.

பின்னாளில் கட்டடத்தை நேரில் கண்ட பேரரசர், உலகில் எங்குமில்லாத ஒன்றை அழித்துவிட்டீர்கள் என்று வருந்தியதாக ஒரு கூற்று உண்டு. எங்கள் வழிகாட்டி அதைச் சொன்னபோது குழுவில் பலர் தலையசைத்தனர். வரலாற்றாசிரியர் பலர் அக்கூற்றை ஐயத்துடனேயே அணுகுகின்றனர். அதே பேரரசர் 1527இல் கிரனாடாவின் அல்ஹம்பிராவுக்குள் தமக்கு ஒரு மறுமலர்ச்சிக்கால அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆவணத்தில் உள்ள நகரசபையின் எதிர்ப்பு நடையில் ஒரு வரியில் கடந்துபோக, ஐயத்துக்குரிய பேரரசரின் கழிவிரக்கம் நாடகமாக விரிகிறது. சமயம் சமயத்தோடு மோதியது என்னும் சட்டகத்துக்குள், கிறித்தவர் கிறித்தவரோடு நடத்திய வழக்கு எளிதில் அடங்குவதில்லை.

யூதர் குடியிருப்பிலும் இதுவே நிகழ்கிறது. வெள்ளைச் சுவர்களும் பூந்தொட்டிகளும் நிறைந்த அத்தெருக்களின் இன்றைய அழகில் ஒரு பகுதி, சுற்றுலாவை முன்னிட்டு 20ஆம் நூற்றாண்டில் செய்த சீரமைப்பின் விளைவு. மைமோனிடீஸின் சிலை 1964இல் நிறுவப்பட்டது. மூன்று சமயங்களின் இணக்கத்துக்கு அடையாளமாக அவரைக் காட்டுகிறார்கள். ஆனால் 1148இல் அல்மொஹதுகள் நகரைக் கைப்பற்றியபின், அவர் சிறுவராக இருந்தபோதே குடும்பம் கோர்தோபாவை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே அல்மொஹது ஆட்சியில் உயர் பதவி வகித்த முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்தும் 1195இல் லுசேனாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவருடைய மெய்யியல் நூல்கள் எரிக்கப்பட்டன. பின்னர் மன்னிக்கப்பட்டு 1198இல் மராகேஷில் இறந்தார். உடலைக் கோர்தோபாவுக்குக் கொண்டுசென்றபோது, சுமை விலங்கின் ஒருபுறம் உடலும் மறுபுறம் எடைக்கு நிகராக அவருடைய நூல்களும் கட்டப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக இப்னு அரபி எழுதியிருக்கிறார்.

நடை முடியும் தொழுகைக்கூடம் மிகச் சிறியது. அதன் எபிரேயக் கல்வெட்டு 1315ஆம் ஆண்டைச் சுட்டுகிறது. அதாவது, கிறித்தவர் நகரைக் கைப்பற்றி எழுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் கட்டப்பட்டது. சுவரில் எபிரேய எழுத்து. சுற்றிலும் இஸ்லாமிய மரபின் சுதைப்பூ வேலை. ஆட்சி காஸ்தில் மன்னருடையது. இணக்கத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தோன்றும். ஆனால் 1250இலேயே கோர்தோபாவின் யூதர் உயரமான தொழுகைக்கூடம் கட்டுவதைக் கண்டித்துத் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் ஆணை விடுத்திருந்தார். 1391இல் இக்குடியிருப்பு படுகொலைக்கு உள்ளானது. 1492இல் யூதர் ஸ்பெயினைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கூடம் வெறிநாய்க்கடி நோயாளரின் மருத்துவமனையாகி, 1588இல் செருப்புத் தைப்போர் சங்கத்தின் சிற்றாலயமானது. 1884இல் சுவர்ப்பூச்சு உதிர்ந்தபோதுதான் எபிரேய எழுத்துகள் மீண்டும் கண்ணில் பட்டன.

இடைக்கால ஸ்பெயினின் ‘கூடிவாழ்தல்’ பற்றிய கருத்தைப் பெருவிவாதமாக்கியவர் 1948இல் நூல் எழுதிய அமேரிக்கோ காஸ்த்ரோ. அதை மறுத்து 1956இல் எழுதியவர் கிளாவ்தியோ சாஞ்செஸ் அல்போர்னோஸ். இருவருமே பிராங்கோவின் ஸ்பெயினுக்கு வெளியே, ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் அர்ஜென்தீனாவிலுமாகப் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். ஸ்பெயின் என்பது என்ன என்ற தம் காலத்துக் கேள்வியைத்தான் அவர்கள் இடைக்காலத்திடம் கேட்டனர். அவ்விவாதத்தின் சுருக்கப்பட்ட வடிவமே இன்று வழிகாட்டியின் வாயில் ‘மூன்று பண்பாடுகளின் நகரம்’ என்று ஒலிக்கிறது.

முற்றத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். யுனெஸ்கோ 1984இல் இக்கட்டடத்தைக் ‘கோர்தோபாப் பள்ளிவாசல்’ என்னும் பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2006இல் மறைமாவட்டம் அதைத் தன் சொத்தாகப் பதிவுசெய்தது. ஆயரின் சான்றிதழே போதும் என்று அப்போதைய சட்டம் இடம் தந்தது. பதிவுக்கட்டணம் 30 யூரோ என்று செய்தித்தாள்கள் எழுதின. அச்சட்டப்பிரிவு 2015இல் நீக்கப்பட்டது, விவாதம் நீங்கவில்லை. பயணிகளுக்கான கையேட்டில் சில ஆண்டுகள் ‘பள்ளிவாசல்’ என்னும் சொல் பின்னுக்குப்போய், எதிர்ப்புக்குப் பின் திரும்ப வந்தது. இன்று அங்கே முஸ்லிம்களின் தொழுகைக்கு இசைவு இல்லை, திருப்பலி நடைபெறுகிறது.

உரிமை யாருக்கு என்பதைச் சட்டம் முடிவுசெய்யட்டும். வரலாற்று மாணவர் செய்ய வேண்டிய வேலை வேறு. கண்ணாடித் தரையின் கீழுள்ள மொசைக் தளம் போன்ற சான்று காட்டப்படும்போது, அதைப் பற்றிய கதையை எழுதியவர் யார், நிகழ்ந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பின் எழுதினார், அவருக்கு அதில் என்ன தேவை இருந்தது என்று கேட்கப் பழக வேண்டும். ‘அவர்கள் இடித்தனர், இவர்கள் கட்டினர்’ என்று பன்மையில் சொல்லப்படும்போது, அந்த ‘அவர்க’ளுக்குள்ளேயே மறுத்தவர் இருந்தனரா என்று தேட வேண்டும். கோர்தோபாவில் தேடினால், எரிக்கப்பட்ட நூல்களைப் பற்றி வருந்தி எழுதிய ஒரு முஸ்லிம் நீதிபதி கிடைக்கிறார். பள்ளிவாசலை இடிக்கக்கூடாதென ஆயரோடு மோதிய ஒரு கிறித்தவ நகரசபை கிடைக்கிறது. கட்டடத்தின் உரிமையாளர் பட்டியலில் இவர்கள் பெயர் இராது. ஆயினும் இன்று நாம் பார்க்க இவ்வளவாவது எஞ்சியிருப்பதில் இத்தகையோருக்கும் பங்குண்டு. அடுத்த முறை அந்நகரில் நடக்க வாய்க்கும் மாணவர்கள், 1523இன் அந்த அறிவிப்பைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல வழிகாட்டிகள் அத்தகைய கேள்விகளை விரும்புவார்கள்.