கர்ப்பகாலச் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ்

கர்ப்பகாலச் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் என்பது கருவுற்ற பெண்களுக்கு, பெரும்பாலும் கருப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், அரிதாக ஏற்படும் கடுமையான தோல் நோயாகும். சிவந்த தோலின் மீது நுண்ணிய சீழ்க்கொப்புளங்கள் கூட்டங்கூட்டமாகத் தோன்றி உடலெங்கும் பரவுவதும், அவற்றுடன் காய்ச்சலும் உடற்சோர்வும் சேர்ந்து வருவதும் இதன் இயல்பு. மருத்துவ நூல்களில் இது இம்பெட்டிகோ ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்னும் பழைய பெயராலும் குறிக்கப்படுகிறது. தாய், கரு ஆகிய இரு உயிர்களுக்கும் ஊறு விளைவிக்கக் கூடியது என்பதால், மகப்பேற்று மருத்துவரும் தோல் மருத்துவரும் இணைந்து கவனிக்க வேண்டிய நிலையாக இது கருதப்படுகிறது. இது தொற்றுநோய் அன்று. தொடுவதால் பிறருக்குப் பரவாது.

பெயரும் வரலாறும்

வியன்னாவின் புகழ்பெற்ற தோல் மருத்துவர் பெர்டினாண்ட் ஃபொன் ஹெப்ரா (1816–1880), கருவுற்ற ஐந்து பெண்களிடம் கண்ட இந்நோயை 1872 ஆம் ஆண்டில் விவரித்தார். அந்த ஐவரில் நால்வர் இறந்துவிட்டனர். மகப்பேற்றுக் காய்ச்சலைத் தடுக்க மருத்துவர்கள் கைகழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் கண்டறிந்ததை 1847 இல் மருத்துவ இதழில் எழுதி உலகுக்கு அறிவித்தவரும் இதே ஹெப்ராதான். கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் சீழும் சேர்ந்து வந்தால் அதனை நச்சுத் தொற்று என்றே எண்ணத் தோன்றிய காலம் அது.

நோயின் பழைய பெயரும் அந்த எண்ணத்தையே இன்றுவரை தூண்டுகிறது. இம்பெட்டிகோ என்பது பாக்டீரியாவால் குழந்தைகளுக்கு வரும் ஒருவகைச் சிரங்கு. ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்றால் ஹெர்பிஸ், அதாவது அக்கி போன்ற வடிவுடையது என்று பொருள். உண்மையில் இந்நோய்க்கும் பாக்டீரியாவுக்கும் தொடர்பில்லை; அக்கியை உண்டாக்கும் வைரசுக்கும் தொடர்பில்லை. கொப்புளங்கள் கூட்டமாக அமைவது மட்டுமே ஒற்றுமை. பெயரின் இரு சொற்களுமே தவறான வழியைக் காட்டுவதால், தற்கால மருத்துவ நூல்கள் பலவும் கர்ப்பகாலச் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் என்பதையே விரும்புகின்றன.

1910 இல் லியோ ஃபொன் சும்புஷ் என்பவர், கருப்பத்தோடு தொடர்பில்லாமல் உடல் முழுவதும் சீழ்க்கொப்புளம் பரவும் சொரியாசிஸ் வகையை விவரித்தார. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எனினும் இந்நோய் காணும் பெண்களுள் பலருக்கு முன்னர் சொரியாசிஸ் இருந்ததில்லை, குடும்பத்திலும் இருப்பதில்லை. எனவே இது தனி நோயா, சொரியாசிசின் ஒரு வடிவமா என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது. மரபணு ஆய்வுகள் பின்னதற்கே வலுச் சேர்த்துள்ளன.

நோய்க்குறிகள்

தொடைஇடுக்கு, அக்குள், மார்பகங்களின் அடிப்பகுதி முதலிய மடிப்புகளில் முதலில் செந்திட்டுகள் தோன்றும். திட்டின் விளிம்பில் குண்டூசித் தலையளவான கொப்புளங்கள் வரிசையாக எழும். நடுப்பகுதி காய்ந்து பொருக்குத் தட்ட, விளிம்பு வெளிநோக்கி விரிந்துகொண்டே செல்லும். இவ்வாறு வயிறு, முதுகு, கைகால்கள் எனப் பரவும். முகமும் உள்ளங்கை, உள்ளங்கால்களும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. வாயினுள் புண்ணும், நகத்தின் அடியில் கொப்புளம் எழுந்து நகம் கழல்வதும் உண்டு. அரிப்பைவிட எரிச்சலும் வலியுமே மிகுதி. குளிர் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை உடன்வந்து உடலின் நீர்ச்சத்தைக் குறைக்கும்.

சிலருக்குக் குருதியில் கால்சியத்தின் அளவு குறைந்துவிடுகிறது. விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு, கைவிரல்கள் இறுகி மடங்குதல், இன்னும் குறைந்தால் வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன இதன் அடையாளங்கள். கேடயச் சுரப்பியை அறுவை செய்தபோது அருகிலுள்ள இணைகேடயச் சுரப்பிகள் பாதிக்கப்பட்ட பெண்களிடமும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. கால்சியக் குறைவு நோயைத் தூண்டும் காரணமா, நோயின் விளைவா என்பது எல்லோரிடத்தும் ஒன்றுபோல் இல்லை. குருதியிலுள்ள கால்சியத்தின் ஒரு பகுதி அல்புமின் என்னும் புரதத்தோடு ஒட்டியிருக்கும். இந்நோயில் அல்புமினும் குறைவதால், மொத்தக் கால்சியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் அயனிநிலைக் கால்சியத்தையும் அளப்பது அவசியம்.

நோயை உறுதிசெய்தல்

கொப்புளத்தின் சீழை வளர்சோதனைக்கு அனுப்பினால் அதில் கிருமி எதுவும் வளர்வதில்லை. ஆனால் குருதியில் வெள்ளணுக்கள் பெருகியிருக்கும். செங்குருதியணு படிவு வீதமும் உயர்ந்திருக்கும். காய்ச்சல், சீழ், வெள்ளணுப் பெருக்கம் மூன்றும் ஒருங்கே இருப்பதால் தொற்று என்று கருதி நுண்ணுயிர்க்கொல்லிகளை மாற்றி மாற்றிக் கொடுத்து நாட்கள் கழிவதுண்டு. சிறு தோல் துண்டை எடுத்து ஆராய்வதே ஐயத்தைத் தீர்க்கும். மேல்தோலினுள் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் கடற்பஞ்சு போன்ற இடைவெளிகளில் திரண்டிருப்பது அதில் தெரியும். கர்ப்பகாலத்தில் வரும் பெம்ஃபிகாய்டு என்னும் கொப்புள நோயையும், மருந்து ஒவ்வாமையால் திடீரென எழும் சீழ்க்கொப்புளங்களையும் பிரித்தறிய வேண்டும்.

காரணம்

இன்டர்லூக்கின்-36 என்னும் அழற்சிப் புரதம் அளவுமீறிச் செயல்படாதபடி தடுக்கும் மற்றொரு புரதம் உடலில் உண்டு. அதற்குரிய ஐஎல்36ஆர்என் மரபணுவில் பிறழ்வு இருந்தால் அத்தடை தளர்ந்து, நியூட்ரோஃபில்கள் தோலை நோக்கிப் பெருமளவில் விரைகின்றன. பொதுவான சீழ்க்கொப்புளச் சொரியாசிசுக்கும் இப்பிறழ்வுக்கும் உள்ள தொடர்பு 2011 இல் துனீசியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. பின்னர் கர்ப்பகால நோயாளிகள் சிலரிடமும் இப்பிறழ்வு காணப்பட்டது. எல்லோரிடமும் இது இருப்பதில்லை. கருப்பத்தின் பிற்பகுதியில் ஏற்படும் இயக்குநீர் மாற்றங்கள் தூண்டுதலாக அமைகின்றன எனக் கருதப்படுகிறது.

கருவின் நிலை

தாயின் தோல் தேறிவருவதைக் கொண்டு கருவும் நலமாக உள்ளது என்று கொள்ள இயலாது. நஞ்சுக்கொடி போதிய அளவு செயல்படாமையால் கருவின் வளர்ச்சி குன்றலாம். பனிக்குடம் முன்னரே உடைதல், குறைமாதப் பிறப்பு, கருப்பையிலேயே இறத்தல் ஆகியனவும் நேரலாம். ஆகவே கருவின் இதயத் துடிப்பும் வளர்ச்சியும் அடிக்கடி சோதிக்கப்படுகின்றன. ஹெப்ராவின் காலத்தோடு ஒப்பிட, இன்று தாய் இறப்பது மிக அரிது.

மருத்துவம்

நீர், கால்சியம், புரதம் ஆகியவற்றின் குறைவை ஈடுசெய்வது முதற்பணி. அதனுடன் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு தரப்படுகிறது. சாதாரணச் சொரியாசிசில் ஸ்டீராய்டு மாத்திரைகள் தவிர்க்கப்படுகின்றன. அவற்றை நிறுத்தும்போது சீழ்க்கொப்புளங்கள் வெடித்தெழக் கூடும் என்பதே காரணம். இங்கோ அதே மருந்து முன்னணியில் நிற்கிறது. நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்வதால் கருவை அடைவது சிறு அளவே. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகியவை அவ்வாறு தடைபடுவதில்லை. குறைமாதக் கருவின் நுரையீரலை முதிரச் செய்ய அவை பயன்படுவதும் இதனால்தான். பிரெட்னிசோலோனைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். கொப்புளம் அடங்கியதும் நோயாளி தாமாகவே நிறுத்திவிடுவது ஆபத்தானது.

ஸ்டீராய்டுக்கு அடங்காதபோது சைக்ளோஸ்போரின் தரப்படுகிறது. அப்போது குருதியழுத்தத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் கண்காணிக்க வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் போன்ற உயிரியல் மருந்துகளும் பயன்பட்டுள்ளன. இன்டர்லூக்கின்-36 ஏற்பியைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப், பொதுவான சீழ்க்கொப்புளச் சொரியாசிசுக்கு 2022 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கர்ப்பிணிகளிடம் அதைப் பயன்படுத்திய அனுபவம் குறைவே. சொரியாசிசுக்கு வழக்கமாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், அசிட்ரெட்டின் இரண்டும் கருவுக்கு ஊனம் விளைவிப்பவை. கர்ப்பகாலத்தில் தரவே கூடாது. நோய் கட்டுக்கடங்காமல் போனாலோ கரு தளர்ந்தாலோ முன்கூட்டியே குழந்தையைப் பிறப்பிக்க நேரிடும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் குழந்தை பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி, உயிருள்ள நுண்ணுயிரைக் கொண்ட தடுப்பூசியாகும். தாய் கருப்பத்தின் பிற்பகுதியில் இன்ஃப்ளிக்சிமாப் பெற்றிருந்தால் அம்மருந்து குழந்தையின் குருதியில் சில மாதங்கள் தங்கி நோயெதிர்ப்பைத் தளர்த்துகிறது. அத்தகைய குழந்தைக்கு பிசிஜியைக் குறைந்தது ஆறு மாதங்களேனும் தள்ளிவைக்க வேண்டும். எனவே மகப்பேற்று அறையிலுள்ளோருக்கு இச்செய்தி முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும்.

அடுத்த கருப்பம்

குழந்தை பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ நோய் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. கொப்புளங்கள் வடுவின்றி ஆறினாலும் கரிய நிறம் சில காலம் நிற்கும். ஆனால் அடுத்த கருப்பத்தில் நோய் மீண்டும் வரக்கூடும். அப்போது முன்னைவிட விரைவாகத் தொடங்கி, கடுமையாகவும் இருப்பது வழக்கம். கருத்தடை மாத்திரைகளாலும் மாதவிலக்கை ஒட்டியும் சிலருக்கு மீண்டும் தோன்றியுள்ளது. ஆகவே கருத்தடை முறையைத் தெரிவு செய்யும்போதும், மீண்டும் கருவுறத் திட்டமிடும்போதும், முதற்கருப்பத்தில் நேர்ந்ததை மருத்துவரிடம் கூறுவது இன்றியமையாதது. முந்தைய மருத்துவமனையின் தோல் ஆய்வு அறிக்கை கையிலிருந்தால், இரண்டாம் முறை தொற்று என்று கருதி நாட்களை இழக்க நேராது.