எவ்வளவு ஆக்சிஜன்ல?

நங்கநல்லூர்ல எங்க மொட்டை மாடியில உட்கார்ந்து பேசுறேன். இங்கே நான் இழுக்குற காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது ரத்தம் வழியா உடம்போட திசுக்களுக்குப் போய்ச் சேரும்போது சுமார் 5 சதவீதம் ஆயிடும். ஆனா ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை வளர்க்குற இன்குபேட்டருக்குள்ள? 18 சதவீதத்துக்கு மேல. கிட்டத்தட்ட மொட்டை மாடிக் காற்று!

இதுல என்ன பிரச்சினை? கொஞ்சம் பின்னாடி போகணும்.

1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் ஒரு விநோதத்தைக் கவனித்தார். ஆக்சிஜன் இருந்தா செல் சர்க்கரையை முழுசா எரிச்சு சக்தி எடுக்கும். புற்றுநோய் செல்களோ, ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையை அரைகுறையா உடைச்சு லாக்டிக் அமிலமா வெளியே தள்ளின. செல்லோட சுவாசமே பழுதாயிடுச்சுன்னு அவர் நினைச்சார். பல புற்றுநோய்களில் அது பழுதாகலைன்னு பின்னாடி தெரிஞ்சது.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட முயற்சியில் நம்ம அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அடுத்த வருஷம் லண்டனில் தாம்லின்சன், கிரே இருவரும் நுரையீரல் கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தாங்க. ரத்தக் குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்குள்ளேயே ஆக்சிஜன் தீர்ந்துடுது. அதுக்கு அப்பால செல்கள் செத்துக் கிடந்தன. விளிம்புல திணறிக்கிட்டே உயிரோட இருக்கிறவைதான் ஆபத்து. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல கிட்டத்தட்ட 3 மடங்கு கதிர்வீச்சு வேணும். அடையாறில் கதிர்வீச்சுக்காகப் படுத்த பலரோட கட்டிக்குள்ளயும் இதே கணக்குதான்.

1990-களில் கிரெக் செமென்சா குழு ஹிஃப்-1 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. ஆக்சிஜன் குறைஞ்சா அது சேர்ந்து, சர்க்கரையை உடைக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். ஆக்சிஜன் தாராளமா இருந்தா செல் அதை உடனே அழிச்சிடும். செல் ஆக்சிஜனை உணரும் விதத்தை விளக்கியதற்காக 2019-ல் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் நோபல் பரிசு.

இப்போ இன்குபேட்டருக்கு வாங்க. 18 சதவீதத்துல, நிறைய செல்களில் இந்த ஸ்விட்ச் அணைஞ்சே கிடக்கும். கட்டிக்குள்ள எரியுற அதே ஸ்விட்ச்! இன்னொரு சிக்கலும் உண்டு. செல்கள் நெருக்கமா வளர்ந்தா, திரவத்தோட அடியில இருக்கிற ஆக்சிஜனை அவையே குடிச்சுத் தீர்த்துடும். மீட்டர் 18 காட்டும். அடியில செல்லுக்கு எவ்வளவு கிடைக்குதுன்னு அங்கேயே அளந்தாத்தான் தெரியும்.

அதனால, "புது மருந்து ஆய்வகத்துல புற்றுநோய் செல்லை அழிச்சிடுச்சு"ன்னு வாட்ஸாப்ல செய்தி வந்தா, நான் உடனே ஃபார்வர்ட் பண்றதில்லை. முதல்ல ஒண்ணு தேடிப் பார்ப்பேன்: எவ்வளவு ஆக்சிஜன்ல?