பீடின் சமய வரலாறும் அகராதி மேற்கோள் முறையும்

அகராதியில் ஒரு சொல்லின்கீழ் நிற்கும் மேற்கோளைப் பொருள் விளக்கத்திற்கு வந்த துணை என்றே பெரும்பாலோர் கொள்வர். மேற்கோளின் பின் அமைந்த குறுக்கக் குறியையோ நின்று நோக்குவார் மிகச் சிலர். எனினும், அச்சொல் எக்காலத்தது, யாவர் ஆண்டது, எந்த ஏட்டில் நின்றது என்னும் வினாக்கட்கு விடை அக்குறியிலேதான் அடங்கியுள்ளது. குறி தெளிவின்றி நிற்பின் சான்றும் தெளிவின்றி நிற்கும். இதனைப் பழைய ஆங்கில அகராதிகள் பீட் அடிகளின் சமய வரலாற்றை எடுத்தாண்ட முறையைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வகராதிகள் இன்று இணையத்தில் ஏறிவிட்டமையின், இது பதிப்பு வரலாறு பற்றிய பழங்கதையாக மட்டும் நின்றுவிடவில்லை.

வட இங்கிலாந்தில் ஜாரோ என்னும் ஊரின் துறவிமடத்தில் வாழ்ந்தவர் பீட். ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றை இலத்தீன் மொழியில் ஐந்து பகுதிகளாக எழுதி 731-இல் முடித்தார், 735-இல் மறைந்தார். இந்நூல் 9ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பழைய ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. பெயர்த்தவர் பெயர் தெரிந்திலது. ஆல்ஃபிரெட் மன்னர் (இறப்பு 899) இதனைப் பெயர்த்தார் என ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின் ஏல்ஃப்ரிக் என்னும் துறவி எழுதிவைத்தார்; அக்கூற்று நெடுங்காலம் ஐயமின்றி வழங்கிவந்தது. 1890-இல் தாமஸ் மில்லர் தம் பதிப்பைத் தொடங்கியபொழுது, நூலின் நடையில் மெர்சிய வட்டார வழக்கு மிகுந்திருத்தலை எடுத்துக்காட்டினார். மன்னர் மேற்குச் சாக்சன் வழக்கினர். ஆகவே, மன்னரே ஆசிரியர் என்னும் கொள்கை தளர்ந்தது. ஆயினும் அதற்கு முன்னரே தொகுக்கப்பட்ட அகராதிக் குறிப்புகளில் மன்னர் பெயர் ஏறிவிட்டது. ஒரு மெர்சியப் புலவரின் சொல்லாட்சி மேற்குச் சாக்சன் அரசரின் சொல்லாட்சியாக எண்ணப்படுதற்கு அது வழிவகுத்தது. அச்சில் ஏறியதை இறக்குதல் எளிதன்று.

இம்மொழிபெயர்ப்பைத் தாங்கிய ஏடுகள் சிலவே எஞ்சின. அவற்றுள் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்து டானர் 10 என்பது மிகப் பழையது. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்து ஏடு 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊஸ்டர் நகரில் எழுதப்பெற்றது. காட்டன் தொகுப்பில் இருந்த ஏடொன்று 1731-ஆம் ஆண்டுத் தீவிபத்தில் பெரிதும் அழிந்தது. பீட் நூலை முடித்த ஆண்டிற்குச் சரியாக ஆயிரம் ஆண்டு கழிந்து அவ்வேடு எரிந்தது என்பது வெறும் தற்செயலே. ஆயினும் நினைவை விட்டு அகலுவதன்று. அதற்கு முன்னரே, 16ஆம் நூற்றாண்டில், லாரன்ஸ் நோவெல் என்பார் அவ்வேட்டைப் படியெடுத்து வைத்திருந்தார். பழைய ஆங்கிலத்திற்கு முதலில் அகராதி தொகுக்க முயன்றவரும் அவரே. அவர் அகராதி அக்காலத்தில் அச்சேறவில்லை. முதலில் அச்சான பழைய ஆங்கில அகராதி 1659-இல் வெளிவந்த வில்லியம் சோம்னருடையது.

மொழிபெயர்ப்பு 1643-இல் ஆபிரகாம் வீலக் என்பவரால் கேம்பிரிட்ஜில் அச்சிடப்பெற்றது. 1722-இல் ஜான் ஸ்மித் பதிப்பு அங்கேயே வெளிவந்தது. இவ்விரண்டும் கேம்பிரிட்ஜ் ஏட்டையே மூலமாகக் கொண்டவை. மில்லரோ டானர் ஏட்டை மூலமாகக் கொண்டார். இவ்வேறுபாடே எம் ஆராய்ச்சிக்கு அடிப்படை.

ஜோசப் போஸ்வர்த் 1838-இல் ஓர் அகராதி வெளியிட்டார்; அதனை விரிக்கும் பணியிலேயே 1876-இல் காலமானார். நார்த்கோட் டோலர் அப்பணியை ஏற்று 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்டு முடித்தார். இணைப்பு 1921-இல் நிறைவெய்தியது. போஸ்வர்த்-டோலர் எனப்படும் இவ்வகராதியில் பீட் மேற்கோளின் குறி இவ்வாறு அமையும்: நூற்பெயரின் குறுக்கம், பகுதி எண், அதிகார எண்; பின்னர் 'எஸ்' என்னும் ஓர் எழுத்து, பக்க எண், வரி எண். அந்த ஓரெழுத்து ஸ்மித்தைக் குறிப்பது. இணைப்பில் ஷிப்பர் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பதிப்பும் எடுத்தாளப்பட்டது. ஆகவே ஒரே அகராதியில் ஒரே நூலுக்கு இருவேறு பக்கக் கணக்குகள் வழங்கலாயின.

டொராண்டோவில் 1970-இல் தொடங்கப்பெற்ற பழைய ஆங்கில அகராதி வேறு வழியிற் சென்றது. முதலில் எஞ்சியுள்ள நூல்கள் அனைத்தையும் கணிப்பொறிக்குள் தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு, அத்தொகுப்பிலிருந்தே மேற்கோள்களை எடுத்தது. 2018-இல் 'ஐ' எழுத்துவரை வெளியாகியிருந்தது. பீட் மொழிபெயர்ப்பிற்கு அது மில்லரின் பக்கத்தையும் வரியையும் குறிக்கின்றது.

இனி, ஒரு பகுதியை எடுத்து நோக்குவோம். விட்பி மடத்தில் ஆநிரை காத்த கேட்மன் என்பார் கனவில் பாடும் திறம் பெற்ற கதை நான்காம் பகுதியில் உள்ளது. விருந்தில் யாழ் தம்பால் வருவதைக் கண்டதும் எழுந்து வெளியேறுவார் அவர். இக்கதை இலத்தீன் நூலில் 24ஆம் அதிகாரம். 1969-இல் வெளிவந்த இலத்தீன் பதிப்பு 24 என எழுதி, அருகே 22 என்னும் எண்ணையும் இடுகின்றது. ஏடுகள் நான்காம் பகுதியை ஒரே வகையில் பிரிக்காமையே காரணம். மில்லரின் பழைய ஆங்கிலப் பதிப்பிலோ இது 25. அதிகார எண்ணை மட்டும் கொண்டு தேடும் மாணவர், கதை கைக்கு எட்டாமல் மூன்று இடங்களில் அலைய நேரும். பக்கமும் வரியும் வேண்டப்பட்டது இதனாலேதான்.

பக்கமும் வரியும் இடத்தைக் காட்டும்; எழுத்தைக் காட்டா. ஸ்மித்தின் பக்கத்திலிருந்து எடுத்த சொல் 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதி எழுத்துமுறையைத் தாங்கி நிற்கும். மில்லரின் பக்கத்திலிருந்து எடுத்த அதே சொல் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வடிவத்தையும், மெர்சிய வழக்கின் சாயலையும் தாங்கி நிற்கும். இடையே ஒன்றரை நூற்றாண்டு உள்ளது. இரண்டையும் பீட் என்னும் ஒரே பெயரின்கீழ் அடுத்தடுத்து வைப்பின், ஒரே புலவர் ஒரு சொல்லை இருவகையாக எழுதினார் என்னும் மயக்கம் பிறக்கும்.

எழுத்து வேறுபாட்டோடு அமையாது, சொல்லே மாறும் இடமும் உண்டு. கேட்மன் எழுந்து சென்றது நாணத்தால் என்று மொழிபெயர்ப்புக் கூறும். ஏனைய ஏடுகளில் 'ஸ்கோமே' என்னும் நாணப் பெயரின் வடிவங்களே காணப்படுகின்றன. டானர் ஏட்டில் 'ஃபோர்ஸ்கோமே' என நிற்கின்றது. அதற்கு முன்னுள்ள வேற்றுமைச் சொல்லும் 'ஃபோர்' என்பதே. ஏடெழுதினோர் அதனை இருமுறை எழுதிவிட்டனரா, அன்றி முன்னொட்டுப் பெற்ற தனிச்சொல் ஒன்று உண்மையிலேயே வழங்கியதா? ஏட்டின் பெயரைச் சுட்டாது இம்மேற்கோளை அகராதியில் வைத்தால், கைப்பிழையாக இருக்கக்கூடிய ஒன்று தலைச்சொல்லாக உயர்ந்துவிடும். மற்றொன்றும் உண்டு. பீடின் இலத்தீனில் நாணம் பற்றிய சொல்லே இல்லை. அது பெயர்த்தவர் சேர்த்தது. எம் கருத்தில் இவ்வொரு சொல்லில் அவர் மொழிபெயர்ப்பாளர் நிலையினின்று உரையாசிரியர் நிலைக்கு உயர்ந்துவிடுகின்றார். அகராதி இலத்தீன் தொடரை உடன் வைத்தாலன்றி இது வெளிப்படாது. போஸ்வர்த்-டோலர் அகராதி பல இடங்களில் இலத்தீன் மூலத்தை மேற்கோளுடன் தருவது போற்றத்தக்கது.

தமிழறிஞர்க்கு இவ்விடர்ப்பாடு சற்றே புதிதாகத் தோன்றலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பெரியபுராணத்தை மேற்கோள் காட்டுங்கால் புராணப் பெயரையும் பாட்டெண்ணையும் சுட்டும். பதிப்பின் பக்கத்தைச் சுட்ட வேண்டுவதில்லை. செய்யுள் தன் எண்ணைத் தானே சுமந்து செல்வது. பீடின் நூலோ உரைநடை. அதற்கு அதிகாரத்தினும் நுண்ணிய இயல்பான பிரிவு இல்லாமையின், அகராதியாசிரியர் அச்சுக்கூடத்தார் அமைத்த வரியையே நம்ப வேண்டியவராயினர்.

போஸ்வர்த்-டோலர் அகராதியைப் பிராகு நகரத்துச் சார்லசு பல்கலைக்கழகத்தார் இணையத்தில் அமைத்துள்ளனர். பழைய அச்சில் இடநெருக்கடியால் குறுகிய குறிகளை இணையத்தில் விரித்துக் காட்ட இயலும். இங்கே இரு வழிகள் எதிர்ப்படுகின்றன. ஸ்மித்தின் பக்க எண் இன்று மிகச் சிலர்க்கே பயன்படும். அதனை நீக்கி மில்லரின் எண்ணை இட்டுவிடலாம் என்பது ஒன்று. ஸ்மித்தின் எண்ணை அவ்வாறே நிறுத்தி, மில்லரின் எண்ணை அதனருகே சேர்த்தல் மற்றொன்று. பின்னதே தக்கது என்பது எம் துணிபு. மேற்கோளின் எழுத்து ஸ்மித்திலிருந்து வந்தது. மில்லரின் எண்ணை மட்டும் அதன்மேல் ஒட்டினால், டானர் ஏட்டில் இல்லாத எழுத்தை அவ்வேட்டின் மேல் ஏற்றியவராவோம். எண்ணை மாற்றுவார் மேற்கோளையும் மீண்டும் மூலத்திலிருந்து எடுத்தெழுத வேண்டும். அங்ஙனம் எழுதின், அது போஸ்வர்த்தின் அகராதியாக இராது, வேறோர் அகராதியாகிவிடும்.

எழுத்துக் குறிகளுக்கும் இஃது ஒக்கும். ஏட்டில் 7 என்னும் எண்ணைப் போன்ற ஒரு குறி 'உம்' என்னும் இடைச்சொற் பொருளில் வரும். பதிப்பாசிரியர் பெரும்பாலும் அதனை விரித்தெழுதுவர். நெட்டுயிர்க்குப் போஸ்வர்த் இட்ட மேற்கோடுகள் இலக்கண அறிவால் இடப்பட்டவை; ஏட்டின் எழுத்தோடு எழுத்தாக அவற்றை எண்ணலாகாது. இணைய அகராதி அவற்றை அகற்ற வேண்டுவதில்லை. இன்னார் இட்டவை என்பது பயில்வோர்க்குத் தெரிந்தாற் போதும்.

ஆண்டுக் குறிப்பிலும் எச்சரிக்கை வேண்டும். கேட்மன் கதை 7ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. 731-இல் இலத்தீனில் எழுதப்பட்டது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பெயர்க்கப்பட்டது. இன்று நம் கைக்கு வந்த மிகப் பழைய எழுத்து 10ஆம் நூற்றாண்டினது. சொல்லின் வரலாற்றிற்கு முன்னிரண்டும் பயன்படா. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்பு 2000-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் வெளிவருகின்றது. அது பீடின் பெயர்க்கு முன் 'மொழிபெயர்ப்பு' என்னும் குறியை இட்டு, நூற்பெயரின் பின் ஏட்டின் பெயரையும் அடைப்புக்குள் தருகின்றது. ஒரு மேற்கோளில் டானர் என்றும் மற்றொன்றில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் என்றும் நிற்கக் காண்போம். டானர் ஏட்டின் முதலிலும் இறுதியிலும் இதழ்கள் சிதைந்தமையால், மில்லர் அவ்விடங்களைப் பிற ஏடுகளிலிருந்து நிரப்பினார். ஆகவே மில்லரின் பக்கம் என்று கூறுவது மட்டும் டானர் ஏட்டின் எழுத்து என்பதற்கு உறுதியாகாது. முதற்பகுதியிலிருந்து சொல்லெடுப்பவர் ஒவ்வோரிடத்தும் அடிக்குறிப்பை நோக்கி, எந்த ஏடு என்பதைத் தனியே எழுதிக்கொள்ள வேண்டும்.