புழுவைக் கொல்லும் நூற்புழு

மண்ணில் வாழும் சில நூற்புழுக்கள், பயிரைத் தின்னும் புழுக்களின் உடலுக்குள் புகுந்து அவற்றைக் கொல்கின்றன. வேளாண்மையில் பயன்படுபவை முக்கியமாக ஸ்டெய்னர்னீமா, ஹெட்டரோராப்டிட்டிஸ் என்னும் இரு பேரினங்கள். இவற்றில் ஹெட்டரோராப்டிட்டிஸ் இண்டிகா தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டது. கோயம்புத்தூர்ப் பகுதியில் கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து பிரித்தெடுத்த இதனை பாய்னர், கருணாகர், டேவிட் ஆகியோர் 1992இல் புதிய இனமாக அறிவித்தனர். குளிர்நாட்டு இனங்கள் தாங்காத வெப்பத்தை இது தாங்கும். நம் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமானதைத் தேட வேண்டியதில்லை.

தொற்றுவது மூன்றாம் பருவ இளம்புழு மட்டுமே. நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இந்தப் பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. குடலில் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு இரை தேடி ஊர்கிறது. வாய், ஆசனவாய், சுவாசத் துளை வழியாக உள்ளே நுழையும்; தோல் மெல்லியதாக இருந்தால் தலைநுனிப் பல்லால் கிழித்தும் புகும். உள்ளே போனதும் பாக்டீரியாவைப் பூச்சியின் குருதியில் கக்குகிறது. ஓரிரு நாளில் புழு சாகிறது. பிணம் செங்கல் நிறமாகிறது, அழுகி நாறுவதில்லை. பாக்டீரியா சுரக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பிற நுண்ணுயிர்களை அண்டவிடுவதில்லை. இருட்டில் கண்ணைப் பழக்கிப் பார்த்தால் மங்கலாக ஒளிர்வதும் தெரியும். நூற்புழு பாக்டீரியாவை உண்டு பெருகுகிறது. முதல் தலைமுறை இருபால் உயிரி என்பதால் ஒற்றைப் புழு நுழைந்தாலும் வம்சம் தழைக்கும். முட்டைகளில் பல தாயின் உடலுக்குள்ளேயே பொரிய, குஞ்சுகள் தாயையே தின்று வளர்கின்றன. இரண்டு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கில் இளம்புழுக்கள் வெளியேறுகின்றன.

ஆய்வகத்தில் இவற்றைத் தேன்கூட்டு மெழுகுப் புழுவில் வளர்ப்பார்கள். செத்த புழுவை ஈரத்தாளில் கிடத்திச் சுற்றிலும் தண்ணீர் விட்டால், இளம்புழுக்கள் இறங்கி நீர் பால்போல் கலங்கும். 2018இல் மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தபின், குருத்துக்குள் இந்நூற்புழுவை இடும் முறையும் பரிந்துரைக்கப்பட்டது.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியைச் சுற்றிய மானாவாரி மணிலாப் பயிருக்குச் சிவப்புக் கம்பளிப்புழு பழைய பகை. அது கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கும் இடமே நூற்புழுவின் வீடு. ஹெக்டேருக்கு 250 கோடி இளம்புழு என்பது பொதுவான அளவு. வெயிலும் வறட்சியும் இதற்கு எமன். ஆகவே மாலையில், ஈர மண்ணில் இட வேண்டும்.

ஆரணித் தறிகளில் ஓடும் பட்டும் ஒரு புழு நூற்றதே. பட்டுப்புழுவும் நூற்புழுவுக்கு இரையாகும் என்பதால், புழுவுக்குப் போடும் மல்பெரி இலையில் இதைத் தெளிக்கவே கூடாது.