திரையில் தெரியாத எலும்புக்கூடு

அனிமேஷன் படத்தில் ஒரு பாத்திரம் நடக்கிறது, சிரிக்கிறது, கையை நீட்டி ஒரு டம்ளரை எடுக்கிறது. நமக்குத் தெரிவது அதன் தோல் மட்டும்தான். உள்ளே மூட்டுகள் இருக்கின்றன. அவற்றை அசைக்க அனிமேட்டருக்கு வசதியான கண்ட்ரோல்கள் இருக்கின்றன. மூட்டு அசைந்தால் தோல் எங்கே எவ்வளவு மடிய வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் ரிக். படம் தியேட்டருக்கு வரும்போது அது ஒரு பிரேமில்கூட இருக்காது. ஆனால் அது கோணலாக அமைந்துவிட்டால் ஒரு பிரேமும் உருப்படாது. ரிக்கிங் வகுப்புகளில் இன்று விதிகளாகச் சொல்லித்தரப்படுபவை எல்லாம் இந்த ரிக் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்து வந்த பாதையில் பட்டுத் தெரிந்துகொண்டவை. அந்தப் பாதை தெரிந்தால் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவை இருக்காது.

தொடக்கம் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். 1972ல் அங்கே மாணவராக இருந்த எட் கேட்மல், தன் இடது கையை அச்செடுத்து ஒரு மாதிரி செய்தார். அதன் மேல் மையால் சுமார் 350 முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, அவற்றின் முனைகளை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஃபிரெட் பார்க்குடன் சேர்ந்து அவர் எடுத்த குறும்படத்தில் அந்தக் கை திரும்புகிறது, விரல்கள் மடங்குகின்றன, கேமரா கைக்குள்ளேயே புகுந்து பார்க்கிறது. 2011ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

பார்க் எடுத்துக்கொண்டது முகம். ஒவ்வொரு முகபாவத்துக்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியாக நகர்த்தினால் வேலை முடியவே முடியாது என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. 1974ல் முடித்த ஆய்வேட்டில் அவர் வேறு வழி காட்டினார். வாய் எவ்வளவு திறக்க வேண்டும், புருவம் எவ்வளவு உயர வேண்டும் என்று சில எண்களை மட்டும் மனிதர் கொடுத்தால் போதும். அதற்கேற்பப் புள்ளிகளை நகர்த்துவது கணக்கின் பொறுப்பு. இன்றைய கண்ட்ரோல்கள் எல்லாம் இந்த யோசனையின் வாரிசுகள்தான்.

எலும்பு வந்தது கனடாவிலிருந்து. ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் இருவரும், இரண்டு முக்கிய ஓவியங்களைக் கொடுத்தால் இடைப்பட்டவற்றைக் கம்ப்யூட்டரே வரையும் முறையை உருவாக்கியிருந்தார்கள். பீட்டர் ஃபோல்டஸின் 'பசி' என்ற 1974ஆம் ஆண்டுக் குறும்படம் அந்த முறையில் வந்ததுதான். 1976ல் அவர்கள் இன்னொரு படி ஏறினார்கள். ஓவியத்துக்கு நடுவே குச்சி போன்ற ஓர் எலும்புக்கூட்டை வைத்து, அதை மட்டும் வளைத்தால் சுற்றியுள்ள கோடுகள் தாமாக வளையும்படி செய்தார்கள். ஓவியம் வரைபவர் ஒருவர், அதை அசைப்பவர் இன்னொருவர் என்ற பிரிவுக்கு இது வழிவிட்டது.

அடுத்த சிக்கல் தோல். எலும்பைத் திருப்புவது எளிது. அதன் மேல் உள்ள தோலை நம்பும்படி மடிப்பதுதான் கடினம். 1988ல் மாண்ட்ரியலிலிருந்து நாடியா மாக்னெனாத்-தால்மான், டேனியல் தால்மான் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, ஒரு கை பொருளைப் பற்றும்போது மூட்டுக்கு மூட்டு சதை எப்படி உருமாற வேண்டும் என்பதைப் பற்றியது. பின்னர் எங்கும் பரவிய முறை மிக எளிமையானது. தோலில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த எலும்பு எவ்வளவு பங்கு என்று எழுதிவைத்து, சராசரி எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பங்குக்குப் பெயர் வெயிட்.

இந்தச் சராசரி எங்கே காலை வாரும் என்பதை மணிக்கட்டில் பார்க்கலாம். மணிக்கட்டின் தோலில் ஒரு புள்ளி, எலும்பின் மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதில் பாதிப் பங்கு முன்கைக்கு, பாதி உள்ளங்கைக்கு. இப்போது உள்ளங்கையை 90 பாகை திருப்புங்கள். முன்கை அந்தப் புள்ளியை ஓரிடத்தில் வைக்கச் சொல்கிறது, உள்ளங்கை வேறோர் இடத்தில் வைக்கச் சொல்கிறது. சராசரியில் புள்ளி மையத்திலிருந்து 2.1 செ.மீ. தொலைவுக்கு நெருங்கி வந்துவிடும். 180 பாகை திருப்பினால் ஒன்று மேலே 3 செ.மீ. என்கிறது, மற்றொன்று கீழே 3 செ.மீ. என்கிறது. சராசரி பூஜ்யம். மணிக்கட்டு மிட்டாய்த் தாளின் முனையைப் போல முறுகி ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும்.

மருந்து உடற்கூற்றிலேயே இருக்கிறது. இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலது உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். மணிக்கட்டு மட்டும் திரும்புவதில்லை. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் உருள்கிறது. முழங்கைப் பக்கம் தோல் ஏறக்குறைய அசையாமல் இருக்க, மணிக்கட்டை நெருங்க நெருங்கத் திருப்பம் கூடுகிறது. நல்ல ரிக்கர் முன்கையில் சில துணை மூட்டுகளை வைத்து அந்த 180 பாகையைப் பிரித்துக் கொடுப்பார். நான்கு கட்டமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 45 பாகைதான். அதே 3 செ.மீ. புள்ளி இப்போது 2.8 செ.மீ.க்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். கண்ணுக்கு உறுத்தாது.

பின்னால் வேறு கருவிகளும் வந்தன. 2000ல் ஜே.பி. லூயிஸ், மேட் கார்ட்னர், நிக்சன் ஃபாங் மூவரும் ஒரு முறையை முன்வைத்தார்கள். முழங்கை மடிந்த நிலையில் தோல் எப்படி இருக்க வேண்டும் என்று கலைஞரே செதுக்கிக் கொடுப்பார். மூட்டு அந்த நிலையை நெருங்கும்போது அந்தத் திருத்தம் தானே கலந்து வரும். 2007ல் லாடிஸ்லாவ் காவன் குழுவினர் சராசரி எடுக்கும் கணிதத்தையே மாற்றினார்கள். சுருங்குவது நின்றது, ஆனால் மூட்டு மடியும் இடத்தில் சற்று உப்பல் தட்டியது. எல்லாக் குறைக்கும் ஒரே மருந்து இதுவரை வரவில்லை. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் மூட்டைச் சரியான இடத்தில் வையுங்கள், பிறகு வெயிட், கடைசியில் திருத்த வடிவங்கள். முழங்கை மூட்டே ஒரு விரற்கடை தள்ளி இருந்தால், எத்தனை திருத்த வடிவம் செதுக்கினாலும் அது ஒட்டுப்போட்ட வேலைதான்.

இனி மறுபக்கம். ரிக்கைப் பயன்படுத்துபவரின் கை.

1995ல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' படத்தில் மிகச் சிக்கலான பாத்திரம் உட்டி என்ற பொம்மை. அதற்கு மொத்தம் 723 கண்ட்ரோல்கள். முகத்துக்கு 212, வாய்க்கு மட்டும் 58. முழு நீளக் கம்ப்யூட்டர் அனிமேஷன் படத்தை உலகம் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் பொம்மையின் நடிப்பு இன்றும் வாடவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து, கண்ட்ரோல் கூடக் கூட ரிக் சிறக்கும் என்று எடுத்துக்கொள்வது தவறு. எழுநூறு கண்ட்ரோல்களும் ஒரே நேரத்தில் கண் முன் நின்றால் யாராலும் நடிக்க வைக்க முடியாது. அடிக்கடி தேவைப்படுபவை முதலில் கைக்கு எட்ட வேண்டும், நுணுக்கமானவை கேட்டால் மட்டும் வர வேண்டும். இடது கைக்கு ஒரு நிறம், வலது கைக்கு ஒரு நிறம் என்று பார்த்ததும் விளங்க வேண்டும். அசைக்கக் கூடாததைப் பூட்டி மறைத்துவிட வேண்டும். எல்லா எண்களையும் சுழிக்குக் கொண்டுவந்தால் பாத்திரம் தன் தொடக்க நிலையில் போய் நிற்க வேண்டும்.

2002ல் 'இரு கோபுரங்கள்' படத்துக்காக நியூசிலாந்தின் வெட்டா டிஜிட்டல் உருவாக்கிய கொல்லம் என்ற பாத்திரம் இன்னொரு தேவையைக் காட்டுகிறது. அவன் நாலு காலில் ஊர்கிறான், பாறையைப் பற்றி ஏறுகிறான். கை ஊன்றியிருக்கும்போது உடல் எங்கே நகர்ந்தாலும் அது நழுவக் கூடாது. அப்போது உள்ளங்கையின் இடத்தைச் சொன்னால் முழங்கையும் தோளும் தாமாக மடிய வேண்டும். இதை ஐகே என்பார்கள். அதே கை காற்றில் வீசும்போது தோளிலிருந்து மூட்டு மூட்டாகத் திருப்பினால்தான் வீச்சு அழகாக வரும், அது எஃப்கே. நல்ல ரிக்கில் இரண்டும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கை ஒரு மயிரிழைகூடத் துள்ளாது. இதற்கான முன்னேற்பாடு ஒன்று உண்டு. மூட்டு வைக்கும்போதே முழங்கையைச் சற்று மடித்து வைக்க வேண்டும். நேர்கோடாக வைத்தால் எந்தப் பக்கம் மடிவது என்பது ஐகே கணக்குக்குத் தெரியாது.

கண்ணில் படாத இன்னொரு பள்ளம் சுழற்சி வரிசை. ஒரு மூட்டு மூன்று அச்சுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புகிறது. நடு அச்சு 90 பாகையை எட்டினால் மற்ற இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, ஒரு திசையே காணாமல் போகும். அதனால் ஒவ்வொரு மூட்டுக்கும் எந்தத் திருப்பம் மிகக் குறைவோ அதை நடுவில் வைக்க வேண்டும். அனிமேஷன் தொடங்கிய பிறகு இதை மாற்றினால் செய்த வேலை எல்லாம் குலையும்.

ஸ்டூடியோவில் ஒரு ரிக் பிறப்பதோடு வேலை முடிவதில்லை. அது ஷாட்டுக்கு ஷாட் போகிறது. பல அனிமேட்டர்கள் ஒரே நேரத்தில் அதே ரிக்கைத் தங்கள் கோப்புகளில் இணைத்து வேலை செய்கிறார்கள். நடுவே ஒரு குறை தெரிந்தால் ரிக்கர் புதிய பதிப்பை அனுப்புவார். அங்கேதான் பெயரின் அருமை தெரியும். அனிமேட்டர் போட்ட அசைவு எல்லாம் கண்ட்ரோலின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. 'இடதுகை' என்றிருந்ததைப் புதிய பதிப்பில் 'கைஇடது' என்று மாற்றிவிட்டால், எல்லா ஷாட்டிலும் அந்தக் கை தொடக்க நிலைக்குத் திரும்பி அசையாமல் நிற்கும். ஒரு முறை வெளியே கொடுத்த பெயரை மாற்றாதீர்கள் என்ற விதிக்கு இதுதான் காரணம். ரிக்கைக் கையால் கட்டாமல் பைத்தான் நிரலால் கட்டும் பழக்கத்துக்கும் இது ஒரு காரணம். உயரம் மாறினாலும் மாடல் மாறினாலும் நிரலை மறுபடி ஓட்டினால் அதே பெயர்களோடு ரிக் எழுந்து நிற்கும்.

வேகமும் ரிக்கின் குணங்களில் ஒன்று. கண்ட்ரோலை இழுத்துவிட்டுப் பாத்திரம் அசையக் காத்திருக்க வேண்டியிருந்தால், அந்த இடைவெளியில் நடிப்பு கைநழுவிப் போகும். ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் பிரீமோ என்ற புதிய மென்பொருளை எழுதி, 2014ல் வந்த 'ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன் 2' படத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தியது. கனமான பாத்திரங்களை உடனுக்குடன் அசைத்துப் பார்ப்பதுதான் அதன் நோக்கம்.

எல்லா ஷாட்டும் ஒப்புதல் பெற்றதும் ரிக்கின் பயணம் முடிகிறது. ஒவ்வொரு பிரேமிலும் தோலின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் ஒரு கோப்பில் பதிவாகி ஒளியமைப்புக்குப் போகிறது. மூட்டும் கண்ட்ரோலும் அங்கேயே நின்றுவிடும்.

சில ரிக்குகளுக்கு மட்டும் மறுபிறவி உண்டு. ஆம்ஸ்டர்டாமில் பிளெண்டர் நிறுவனம் தயாரித்த 'பிக் பக் பன்னி' (2008), 'சின்டெல்' (2010) குறும்படங்களின் கோப்புகளை யாரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம். கற்க விரும்பும் நம் பிள்ளைகள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். முடிந்த ஒரு ரிக்கைத் திறந்து, மூட்டு எங்கே இருக்கிறது, எந்தக் கண்ட்ரோல் எதைப் பிடித்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பிறகு உங்கள் ரிக்கைக் கட்டுங்கள். கட்டியதை யாரிடமும் கொடுப்பதற்கு முன், குந்த வையுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கச் செய்யுங்கள், ஓட விடுங்கள், ஒரு சின்னக் காட்சியை நீங்களே அனிமேட் செய்யுங்கள். எந்த இடத்தில் உங்கள் கை தயங்குகிறதோ அந்த இடத்தைத் திருத்திய பிறகே ரிக்கை அனிமேட்டரிடம் கொடுங்கள்.