ராணிக்கெட் நோய் வைரஸைப் பண்பறிதல்

ராணிக்கெட் நோய் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக மாய்க்கும் வைரஸ் நோய். தமிழ்நாட்டில் இதற்கு வெள்ளைக் கழிச்சல் என்றும் கோழிக்கழிச்சல் என்றும் பெயர். பல ஊர்களில் வெறுமனே ‘சீக்கு’. கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சுவிடும், சில சமயம் கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் நோய் அறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டிலும் பதிவானது. நோயின் பெயருக்கு உலகம் நியூகாசிலைப் பிடித்துக்கொண்டது, நாம் ராணிக்கெட்டை. வைரஸின் இன்றைய அறிவியல் பெயரான ‘ஆர்த்தோஏவுலாவைரஸ் ஜாவாயென்சே’ ஜாவாவுக்கு உரியதைத் திருப்பித் தந்திருக்கிறது.

இது ஆறு மரபணுக்களும் ஏறத்தாழ 15,200 நியூக்ளியோடைடுகளும் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ வைரஸ். செத்த கோழியில் இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. கண்டது எது என்று சொல்வதுதான் சிக்கல். பண்ணைகளில் போடும் லசோட்டா, எஃப் ஆகிய தடுப்பு மருந்துகளும் உயிருள்ள இதே வைரஸ்தான். வேறு காரணத்தால் செத்த கோழியிலும் அவை கிடைக்கும்.

முதற்படி முட்டை. கோழியின் மூச்சுக்குழாயிலும் எச்சத்துளையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை, 9 முதல் 11 நாள் அடைவைத்த முட்டைக்குள் செலுத்துகிறார்கள். கரு செத்ததும் முட்டை நீரை எடுத்து, சிறு குழிகள் கொண்ட தட்டில் கோழியின் சிவப்பணுக்களோடு கலக்கிறார்கள். வைரஸ் இல்லாவிட்டால் அணுக்கள் குழியின் அடியில் சிவப்புப் பொட்டாகப் படியும். தட்டைச் சாய்த்தால் கண்ணீர்த்துளிபோல வழியும். வைரஸ் இருந்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மெல்லிய திரையாகப் பரவி நிற்கும். பறவைக் காய்ச்சல் வைரஸும் இதே வேலையைச் செய்யும் என்பதால், ராணிக்கெட்டுக்கு உரிய எதிர்ச்சீரம் சேர்த்து, திரள்வது நிற்கிறதா என்று பார்த்த பிறகே பெயரை உறுதி செய்வார்கள். ஆனால் இந்த வைரஸ் முழுவதும் ஒரே சீர வகை. ஆகவே, தடுப்பு மருந்தையும் கொல்லும் வைரஸையும் இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது.

அதற்கு வீரியத்தை அளக்க வேண்டும். முட்டைக் கருவைக் கொல்ல ஆகும் சராசரி நேரம் 60 மணி நேரத்துக்குள் என்றால் கடும் வீரியம், 60 முதல் 90 வரை நடுத்தரம், அதற்கு மேல் மென்மை. இன்னும் கறாரான அளவுகோல், ஒரு நாள் குஞ்சுகளின் மூளையில் வைரஸைச் செலுத்தி 8 நாள் பார்ப்பது. நலமாக இருந்தால் 0, நோயுற்றால் 1, செத்தால் 2 என்று மதிப்பிட்டுச் சராசரி காண்பார்கள். உச்சம் 2.0, 0.7ஐ எட்டினாலே வீரிய வைரஸ். நம்பகமான சோதனைதான், குஞ்சுகளுக்குக் கொடுமையானதும்கூட.

இன்று வைரஸின் ஆறு மரபணுக்களில் ஒன்றான எஃப் மரபணுவைப் படித்தே பெரும்பாலும் முடிவு சொல்லிவிடுகிறார்கள். எஃப் புரதம் வெட்டுப்பட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். வெட்டுமிடத்தில் கார அமினோ அமிலங்கள் பல சேர்ந்து, 117ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் இருந்தால், உடலெங்குமுள்ள நொதிகள் அதை வெட்டும்; நோய் எல்லா உறுப்புக்கும் பரவும். மென்மையான வகைகளில் அங்கே லியூசின் இருக்கும். மூச்சுப்பாதை, குடல் நொதிகளால் மட்டுமே வெட்ட முடியும். இந்த வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பதை ஆஸ்திரேலியா 1998இல் கண்டது. அங்கே ஏற்கெனவே சுற்றித்திரிந்த சாது வைரஸே, வெட்டுமிடத்தில் இரண்டு மாற்றங்கள் பெற்றுக் கொல்லும் வைரஸாகியிருந்தது.

இந்தியாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. 1940களில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, இன்றும் 8 வார வயதுக் கோழிகளுக்கு இறக்கைத் தோலடியில் போடப்படும் ஆர்2பி தடுப்பூசி வைரஸ் நடுத்தர வீரியமுடையது. அதன் மூளைச் சோதனைக் குறியீடே 0.7ஐத் தாண்டும், வரையறைப்படி பார்த்தால் அதுவும் வீரிய வைரஸ்தான். இங்கே வெட்டுமிடம் மட்டும் போதாது. எஃப் மரபணுவை முழுதாகப் படித்து மரபுவகையைக் கண்டால்தான் பிரிக்க முடியும். நம் நாட்டு நோய்த்தாக்கங்களில் கண்ட 13ஆம் மரபுவகை, தடுப்பூசியின் மரபுவகையிலிருந்து வேறானது.

எனவே மாதிரி அனுப்பும் பண்ணையாளர், அதை ஐஸில் வைத்தால் மட்டும் போதாது. எந்தத் தடுப்பு மருந்து, எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதையும் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும்.